தாத்தா காலத்துத் துப்பாக்கிப் பெட்டிக்குத் துணைப்பொருள்கள் செய்வது

கேள்வி இது: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். தாத்தா வாங்கிய 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி இப்போது பெரியப்பா பெயரில் லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. அதன் பெட்டி பாதி உளுத்துவிட்டது. உள்ளே பச்சைக் கம்பளித் துணியில் பொருள்கள் இருந்த தடம் மட்டும் தெரிகிறது. கிளீனிங் ராடு, எண்ணெய்க் குப்பி, தோட்டாப் பை, கரிமருந்து வைக்கும் மருந்துக் குப்பி ஆகியவற்றைச் சேலத்திலேயே பழைய மாதிரியில் செய்துகொள்ள முடியுமா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

முடியும். இந்த வேலைக்குச் சேலம் தோதான ஊர். வெள்ளிப் பட்டறை, லேத் பட்டறை, மரக்கடைசல், தோல் தைக்கிறவர் என்று நான்கு பேரும் ஊருக்குள்ளேயே கிடைப்பார்கள். ஆனால் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்காதீர்கள். இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக அந்த வடிவத்துக்கு வந்தவை. குப்பியின் மூடியில் ஏன் ஒரு குச்சி தொங்குகிறது, ராடு ஏன் மரத்தில் இருக்கிறது, பையின் வாய் ஏன் அவ்வளவு அகலம் என்பது தெரிந்தபின் செய்தால் அளவுகள் தாமாகச் சரியாக வரும். தெரியாமல் செய்தது அலமாரிப் பொம்மையாக நின்றுவிடும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமாகவே கருதப்படுகின்றன. வெடிச் சத்தத்தையோ தீச்சுடரையோ குறைக்கும் துணைக்கருவி துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. 5ஆம் பிரிவின்படி ஆயுதம் செய்வது, விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். ஆகவே துப்பாக்கிக்குள் போய்ப் பொருந்தும் எதையும், அது ஒற்றைத் திருகாணியாக இருந்தாலும் ஸ்பிரிங்காக இருந்தாலும், தெரிந்த லேத்காரரிடம் செய்யச் சொல்லாதீர்கள். அது உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியின் வேலை. பெட்டி, பை, வார், எண்ணெய்க் குப்பி, துடைக்கும் ராடு ஆகியவை துப்பாக்கிக்கு வெளியே நிற்பவை. சாதாரணத் தோல், மர, பித்தளைச் சாமான்கள். ஏதாவது ஒரு பொருள் எந்தப் பக்கம் சேரும் என்று ஐயம் வந்தால், செய்வதற்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். அளவு எடுப்பதற்காகத் துப்பாக்கியையோ அதன் குழலையோ பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தோட்டாவைக்கூட மாதிரிக்குக் கொடுக்காதீர்கள். சேலம் மாவட்டத்து மலைகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. ஒரு பட்டறையில் குழல் ஒன்று கிடந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர் நீங்கள் அல்ல, அந்தத் தொழிலாளிதான். பெரியப்பா உடனிருக்க, தோட்டா போடாத துப்பாக்கியை வீட்டிலேயே வைத்து அளந்து, கெட்டி அட்டையில் வடிவத்தை வெட்டி, அந்த அட்டையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டி செய்கிற ஆசாரிக்கு அது தாராளமாகப் போதும்.

இனி உங்கள் பட்டியலில் ஒரு திருத்தம். மருந்துக் குப்பி அந்தப் பெட்டியைச் சேர்ந்ததாக இருக்காது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட்ட காலத்துச் சாமான் அது. பின்பக்கம் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கியை லெஃபோஷோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் 1851 லண்டன் கண்காட்சியில் பலரும் பார்த்தார்கள். 1860களில், அடிபட்டதும் பொறி தட்டும் கேப்பை அடிப்பகுதியின் நடுவில் வைத்த தோட்டா வந்தபின் மருந்துக் குப்பியின் தேவை வேகமாகக் குறைந்தது. உங்கள் தாத்தாவின் துப்பாக்கி தோட்டா போடுவது என்பதால் பெட்டிக்குள் குப்பிக்கு இடம் இருந்திருக்காது. ஆசைப்பட்டால் அதைத் தனியாகச் செய்து தனியாக வையுங்கள். பெட்டிக்குள் வைத்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

அப்படியானால் பெட்டிக்குள் என்னதான் இருந்தது? அதற்கான பதில் அந்தப் பச்சைத் துணியிலேயே இருக்கிறது. துணியைப் பிய்ப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். பிறகு மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துத் தடத்தின் விளிம்பைப் பிடியுங்கள். பச்சையாகப் பிசுக்குப் படிந்த இடத்தில் பித்தளையோ செம்போ இருந்திருக்கிறது. பழுப்புத் துருக்கறை தெரிந்தால் இரும்பு, அநேகமாகத் திருப்புளி. வட்டமாகவோ சதுரமாகவோ எண்ணெய் ஊறிக் கருத்த இடம்தான் எண்ணெய்க் குப்பியின் இடம். ஒல்லியாக நீண்ட பள்ளத்தில் மூன்று துண்டு ராடு படுத்திருக்கும். மூடி போட்ட சிறு அறை இருந்தால் பிரஷ், பஞ்சு முனை மாதிரியான சில்லறைச் சாமான்களுக்கு. குழல் படுக்கும் நீண்ட பள்ளத்தை அளந்தால் குழல் 28 அங்குலமா 30 அங்குலமா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. தோட்டக்காரர்கள் பலருடைய துப்பாக்கி அப்படி ஒரு கடை வழியாக வந்ததுதான். மூடியின் உள்பக்கம் ஒட்டிய தாளின் மிச்சம் ஏதாவது இருந்தால் அதைத் தொடாமல் முதலில் படம் எடுங்கள்.

ராடுக்கு வருகிறேன். இரும்புக் குழலின் உள்பக்கத்தைக் கீறக் கூடாது என்பதற்காகத்தான் உடம்பு மரத்திலும் இணைப்புகள் பித்தளையிலும் இருக்கின்றன. எனவே இரும்புக் கம்பியில் செய்து மேலே பாலிஷ் போட்டுத் தரும் யோசனையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று துண்டும் சேர்ந்தபின் குழலைவிட நீளமாக, கைப்பிடி முழுதும் வெளியே நிற்க வேண்டும். பழைய ராடுகளில் ஈட்டி மரம் அதிகம். புதிய ஈட்டிக் கட்டையைத் தேடி அலைய வேண்டாம். அதை வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடுகள் இருந்திருக்கின்றன. உடைந்த பழைய நாற்காலியின் கால் போதும். இழை நேராக ஓடுகிற கட்டையாகப் பார்த்துக் கடைசல் பட்டறையில் கொடுங்கள். இழை குறுக்கே ஓடினால் அழுத்தித் தள்ளும்போது குழலுக்குள்ளேயே ஒடியும்.

இதில் தலைவலி தருவது மரை. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. சிறிய திருகாணிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பி.ஏ. மரை 47½ டிகிரி. விட்டம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். பலமாகத் திருகினால் பித்தளை மரை வழித்துக்கொண்டு போகும். பெட்டியில் பழைய பிரஷ் முனை ஒன்றாவது மிஞ்சியிருந்தால் மரை கேஜ் வைத்துப் பார்த்து அதற்கே ராடைச் செய்யச் சொல்லுங்கள். விட்வொர்த் மரை வெட்டும் டேப்பும் டையும் பழைய லேத் பட்டறைகளில் இன்னும் இருக்கும். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் பழைய மரையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இப்போது கடையில் கிடைக்கும் 12 போர் பிரஷ் ஒன்றை வாங்கி அதன் மரைக்குச் செய்தால் ராடு பயன்படுகிற பொருளாக இருக்கும். என் விருப்பம் இரண்டாவது வழிதான்.

எண்ணெய்க் குப்பி எனக்கு மிகவும் பிடித்த பொருள். இரண்டு விரல் உயரத்தில் பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர் உடம்பு. ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. திருகு மூடி. மூடியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குச்சி குப்பிக்குள் இறங்குகிறது. குப்பியைக் கவிழ்த்தால் எண்ணெய் கொட்டித் துப்பாக்கியின் கட்டைக்குள் இறங்கி மரத்தை நாசம் செய்யும் என்பதால் அந்தக் குச்சி நுனியில் நிற்கும் ஒரு சொட்டைத்தான் வைப்பார்கள். லீ என்ஃபீல்ட் ராணுவத் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பித்தளைக் குப்பியின் மூடியிலும் இதே ஏற்பாடு உண்டு. அதன் குச்சி நுனி சிறு கரண்டியாக இருக்கும். இந்தக் குப்பிகளில் ஊற்றிய எண்ணெய்களில் பெயர்பெற்றது பர்மாவிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெய்.

எண்ணெய்க்கு முன் வெந்நீர் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலுக்குள் மிஞ்சுவது ஒருவகை உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் லீ என்ஃபீல்ட் வைத்திருந்த சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிய பிறகு துணி இழுத்து எண்ணெய் போட்டார்கள். 1500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும் ஏற்காட்டில் அந்த உப்பை ஓர் இரவு விட்டால் காலையில் துரு தெரியும். தோட்டத்துப் பெட்டிகளில் ராடும் குப்பியும் ஏன் அவ்வளவு தேய்ந்து போயிருக்கின்றன என்பதற்கு இதுதான் விளக்கம்.

குப்பியைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். கொலுசு முத்துக்குப் பற்று வைக்கிற கைக்குக் குப்பியின் அடித்தகட்டைப் பற்றவைப்பது பெரிய காரியம் அல்ல. ஈயப் பற்று வேண்டாம், வெங்காரம் போட்டு வெள்ளிப் பற்றே வைக்கச் சொல்லுங்கள். மூடியின் மரை நெருக்கமான பற்களாக இருக்கட்டும். உள்ளே தோல் வாஷர் ஒன்று வையுங்கள். மூடியும் மரையும் லேத்தில், உடம்பும் பற்றும் வெள்ளிப் பட்டறையில் என்று இரண்டு இடத்து வேலை இது. மூடியை முதலில் முடித்து வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு உடம்பைச் செய்யச் சொல்வதுதான் சரியான வரிசை.

தோட்டாப் பைக்கு நேரத்தையும் பணத்தையும் கொஞ்சம் தாராளமாக ஒதுக்குங்கள். முதல் கேள்வி தோல். காலணிக் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற தோல் பெரும்பாலும் குரோம் பதம் செய்தது. அதில் செய்தால் பை தொய்ந்து தொங்கும், விளிம்பைத் தேய்த்தாலும் பளபளப்பு வராது. உங்களுக்கு வேண்டியது மரப்பட்டையில் பதம் செய்த தோல். அது நம் நாட்டுச் சரக்குதான். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்தில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதமாகி, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இங்கிலாந்துத் தோல்காரர்கள் இங்கிருந்து போன தோலை வாங்கித்தான் எத்தனையோ சாமான் செய்தார்கள். ஈரோட்டுத் தோலில் நீங்கள் ஒரு பை தைப்பது பழைய வழக்கத்துக்கு முரணான காரியமே அல்ல.

தையல் கையால்தான். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைத்து இழுக்கும் தையல். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது பிரியாது. மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே அவிழும். தேன்மெழுகு பூசிய கெட்டி நூல், அங்குலத்துக்கு எட்டுத் தையல். குத்தூசியால் துளைப்பதற்கு முன் கோடு போட்டு இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். பையின் வாயை அகலமாகவும் மூடியை நன்றாகப் பின்னால் மடியும்படியும் விடுங்கள். கண்ணைப் பையில் வைக்காமல் கையை விட்டு இரண்டு தோட்டா எடுக்க வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் காரணம். இடுப்பு வாரும் செய்வதாக இருந்தால் தோட்டாவுக்குப் பதிலாக 20.5 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மரக்கட்டையைக் கடைந்து, நனைத்த தோலை அதன்மேல் சுற்றிக் காயவைத்துக் கண்ணிகளை வடித்துக்கொள்ளுங்கள்.

கறுப்புத் தோல் வேண்டுமென்றால் சாயக்கடைக்குப் போக வேண்டாம். பட்டைத் தோலில் துவர்ப்பு இருக்கிறது. பழைய இரும்பாணிகளைக் காடியில் ஊறவைத்த நீரைத் தடவினால் தோல் கண்முன்னே கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே விவரம்தான். ஆனால் இந்தத் துவர்ப்புக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. தோலுக்குள் துப்பாக்கியை மாதக்கணக்கில் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளைத் தோட்டாவைத் தோல் கண்ணியில் விட்டால் பச்சைப் பிசுக்கு கட்டும். தோல் உறையும் வாரும் எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. வைத்துப் பூட்டுவதற்கு அல்ல.

தோட்டா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகள் பல 2½ அங்குலத் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. இன்று கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம். உரிமம் பெற்ற துப்பாக்கி வல்லுநர் பார்க்காமல் பெரியப்பா அதில் சுட வேண்டாம்.

பெட்டிக்குப் பழைய வீட்டுத் தேக்குப் பலகையே போதும். பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம், அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். பச்சைத் துணிக்குப் பில்லியர்ட்ஸ் மேசைத் துணியை விசாரியுங்கள். பெட்டிக்குள் ஒட்டிய பச்சைக் கம்பளியும் அதே இனம்தான். மேசைக்குப் புதுத் துணி மாற்றுகிறவர்களிடம் கழித்துப்போட்ட துண்டுகள் கிடைக்கும். அந்தக் காலத்து ஆசாரிகள் வச்சிரப் பசையில் ஒட்டினார்கள். மலையில் அது ஈரத்தில் இளகும், பூச்சியும் வரும். ஃபெவிகால் வகைப் பசையை மரத்தில் மட்டும் மெல்லப் பூசி, பிசுபிசுப்பு வரும்வரை விட்டு, பிறகு துணியை வைத்து நீவுங்கள். துணியில் பூசினால் மேலே ஊறிக் கறை விழும். ஒட்டியதும் துப்பாக்கியை வைக்காமல் சில வாரம் திறந்தே போடுங்கள், பசையின் ஆவி போகட்டும். ஏற்காட்டில் வைப்பதாக இருந்தால் ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும் சிறு அறை விடுங்கள். பழைய பெட்டியில் அது இல்லை என்று தயங்க வேண்டாம்.

மருந்துக் குப்பி செய்வதானால் சுருக்கமாக: இரண்டு செம்புத் தகட்டை அச்சில் தட்டி, விளிம்பில் பற்றவைத்த பேரிக்காய் வடிவம். செம்பும் பித்தளையும் கொம்பும் ஏன் என்றால், அவை உரசினால் தீப்பொறி வராது. வாயில் உள்ள அளவுக்குழாய் டிராம் கணக்கில் இருக்கும். ஒரு டிராம் என்பது 1.77 கிராம். ஷெஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்றவர்கள் இவற்றை ஏராளமாகச் செய்தார்கள். அதே ஷெஃபீல்டின் உருக்குத் தொழிலுக்கு 1839இல் மாங்கனீசு சேர்க்கும் முறையைக் கொடுத்த ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்து, சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலை போட்டவர் என்பது நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தகட்டைத் தட்டும்போது நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் செம்பு விறைத்து வெடிக்கும். வெள்ளி வேலைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயின் உட்புறத்தை அடைத்தே செய்யுங்கள். கரிமருந்து வெடிபொருள் சட்டத்தில் வருவது. குப்பி காலியாகவே இருக்கட்டும். கொம்பில் செய்வதானால் எருமைக் கொம்போ மாட்டுக் கொம்போ மட்டும். காட்டெருமைக் கொம்பு, மான் கொம்பு, தந்தம் ஆகியவை வீட்டில் பழையதாகக் கிடந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கைவைக்காதீர்கள்.

கடைசியாக, எதையும் பழையது போலத் தோன்றச் செய்யாதீர்கள். அமிலம் தடவிக் கறுக்கவைப்பது, தோலைச் சுரண்டி நைந்ததாக்குவது, பழைய கம்பெனியின் தாளைப் படி எடுத்து மூடியில் ஒட்டுவது எல்லாம் இன்று உங்களுக்கு அழகாகத் தெரியலாம். இன்னும் இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஒருவர் அதை அசல் என்று நம்பிப் பணம் கொடுப்பார். நூறு ஆண்டு தாண்டிய பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தலாம் என்பதால் இந்தக் குழப்பம் வெறும் பணத்தோடு நிற்பதில்லை. குப்பியின் அடியிலும், ராடின் பித்தளை இணைப்பிலும், பை மூடியின் உள்பக்கத்திலும் 'சேலம்' என்றும் செய்த ஆண்டையும் சிறிதாகக் குத்தச் சொல்லுங்கள். பெட்டியின் மூடிக்குள் ஒட்ட ஒரு தாளை நீங்களே எழுதுங்கள்: துப்பாக்கி யாருடையது, எந்தப் பொருள் பழையது, எது புதியது, புதியதை எந்தத் தொழிலாளி செய்தார் என்று. செய்தவரிடம் கேட்டு அவர் பெயரையும் போடுங்கள். உளுத்த பழைய பலகையில் நல்ல துண்டு ஏதாவது தேறினால் அதைப் புதிய பெட்டியின் அடியில் சேர்த்துவிட்டு, அதையும் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள்.